அந்தப் படத்துக்குக் கீழே என்னைத் திட்டியவர்களுக்கு

நேற்று நம்ம குழுவில் நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை வேண்டாம். பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். செத்துக்கிடந்த ஓரிக்ஸ் மான் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒருவன் சிரிக்கிற படம் அது. சிரித்தவன் நான் இல்லை. அதைப் பகிர்ந்ததும் நான் இல்லை. "இந்த மான் இனம் பிழைத்ததில் டெக்சாஸ் பண்ணைகளுக்கும் பங்கு உண்டு" என்று ஒரு வரி எழுதினேன். அதற்குக் கிடைத்த பட்டம், 'கசாப்புக்கடை வக்கீல்'.

சரி, வக்கீலாகவே பேசுகிறேன்.

அரிவாள் போலப் பின்னால் வளைந்த கொம்புள்ள இந்த ஓரிக்ஸ் சகாராவின் ஓரங்களில் மந்தை மந்தையாக மேய்ந்தது. வேட்டையும் வறட்சியும் போரும் சேர்ந்து அதை ஒழித்துக்கட்டின. 2000இல், காட்டில் ஒன்றுகூட இல்லை என்று உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமான ஐயுசிஎன் அறிவித்தது. அதே சமயம் டெக்சாஸில் வேலிக்குள் அது குட்டி போட்டுப் பெருகிக்கொண்டிருந்தது. பண்ணைக்காரர்கள் சங்கத்தின் கணக்குப்படி 2010இல் சுமார் 11,000. எப்படி? சுட வருகிறவர் ஒரு மானுக்கு ஆயிரக்கணக்கில் டாலர் கொடுக்கிறார். விலை இருந்ததால் தீவனம் இருந்தது, தண்ணீர் இருந்தது. நான் சொன்னது இவ்வளவுதான்.

நம்பாதவர்கள் 2012ஐப் பாருங்கள். ஓரிக்ஸ், அதைப் போலவே ஆப்பிரிக்க மான்களான அடாக்ஸ், டாமா கெசல் மூன்றையும் 2005இல் அழியும் இனப் பட்டியலில் சேர்த்தபோது அமெரிக்க அரசு பண்ணைகளுக்கு விலக்கு தந்தது. விலங்கு ஆர்வலர்கள் வழக்குப் போட்டு ஜெயித்தார்கள். 2012 ஏப்ரலிலிருந்து சுடவும் விற்கவும் அனுமதி வாங்க வேண்டும் என்றானது. என்ன நடந்தது? 'நமக்கெதுக்கு வம்பு' என்று பலர் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள். 2014இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் விலக்கைத் திருப்பிக் கொடுத்தது. மானைக் காப்பாற்றுகிறேன் என்று வழக்குப் போட்டு, மான் வளர்த்தவனை விரட்டியதுதான் மிச்சம்.

"சாட் நாட்டில் 2016இல் திரும்ப விட்டது அபுதாபிக்காரர்கள் சேர்த்த மந்தையை, உங்க டெக்சாஸ் மானை இல்லை" என்று ஒரு தம்பி. சரிதான் தம்பி. 2023இல் 'காட்டில் அற்றுப்போனது' என்ற முத்திரை நீங்கியதும் அதனால்தான். அதற்காக இங்கே டெக்சாஸில் மேய்கிற ஆயிரக்கணக்கான மான்கள் கணக்கில் வராதா? நம்ம வெளிமானையே எடுத்துக்கொள்ளுங்கள். பாகிஸ்தானில் அது அழிந்தபின் 1970இல் டெக்சாஸிலிருந்து கொண்டுபோய்த்தான் அங்கே லால் சுகன்ரா தேசியப் பூங்காவில் விட்டார்கள். இதற்குப் பதில் சொல்ல ஒருவர்கூட வரவில்லை.

வேலிக்குள் அடைத்துச் சுடுவது வேட்டையா என்கிறீர்கள். எனக்கும் அது பிடிக்காது. நான் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. ஆனால் ஆயிரக்கணக்கான ஏக்கர் பண்ணையை ஏதோ கோழிக்கூண்டு மாதிரி பேசுகிறீர்களே, ஒரு தடவையாவது வந்து பார்த்ததுண்டா?

நான் கணக்கு எழுதுகிற பண்ணைக்காரர் ஒருவர் இருக்கிறார். 2021 பிப்ரவரிப் பனிப்புயலில் இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் மான்கள் கொத்துக் கொத்தாக விறைத்துச் செத்தன. அவர் வீட்டில் கரண்ட் இல்லை. மனுசன் ராத்திரி முழுக்க வைக்கோல் சுமந்து போட்டுக்கொண்டிருந்தார். விடிந்ததும் எனக்கு போன் பண்ணி எத்தனை போச்சு என்று சொல்ல ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். காசுக்காகத்தானே என்பீர்கள். ஆமாம், காசுக்கும்தான். உங்களில் யார் காசு வாங்காமல் வேலைக்குப் போகிறீர்கள்?

சைவக்காரர்கள் திட்டட்டும், கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு மதியம் மட்டன் பிரியாணிப் படம் போட்டுவிட்டு, ராத்திரி எனக்கு ஜீவகாருண்யம் சொல்லித் தருகிறவர்களை என்ன செய்வது? அந்த ஆடு மட்டும் சம்மதம் கொடுத்ததா?

"பண்ணைக்காரன் காசு இவரைப் பேச வைக்குது" என்ற கமெண்டுக்கு இதயம் போட்ட அண்ணனுக்கு மட்டும் ஒரு வார்த்தை. என் வீட்டில் எத்தனை பொங்கல் சாப்பிட்டிருக்கிறீர்கள்! உங்கள் வருமான வரிக் கணக்கை வருஷா வருஷம் பைசா வாங்காமல் போட்டுக் கொடுத்தவன் நான். வரும் ஏப்ரலுக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.