ஆமாம், அழுதார்கள். அதனால் என்ன?

லித்துவேனியத் தலைநகர் வில்னியஸில், அங்கே செத்த நான்கு அமெரிக்க வீரர்களுக்கு மக்கள் அழுதபடி விடைகொடுத்த காணொளியை நேற்று பகிர்ந்தேன். அதன் கீழே நடந்த கூத்தைப் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். "அமெரிக்கச் சிப்பாய்க்கு மெழுகுவத்தி ஏத்துற அடிமைக் கூட்டம்" என்று ஒரு தோழர் எழுதினார். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் பாதிப் பேர் என் நண்பர்கள். போடட்டும். ஆனால் எதைப் பார்த்துச் சிரித்தோம் என்றாவது தெரிந்துகொள்ளுங்கள்.

2025 மார்ச் 25. லித்துவேனியாவில், பெலாரஸ் எல்லையை ஒட்டிய பாப்ராதே பயிற்சிக் களம். சிக்கிக்கொண்ட ஒரு ராணுவ வண்டியை இழுத்து வரக் கிளம்பிய நான்கு அமெரிக்க வீரர்கள் அதிகாலையில் காணாமல் போனார்கள். போனது எம்-88 ஏ2 ஹெர்குலிஸ் என்ற மீட்பு வண்டியில். டாங்கி சிக்கினால் இழுக்க வரும் வண்டி அது, எடை 63 டன். மறுநாள் அது கண்ணில் பட்டது, சதுப்புக்குள், ஏறக்குறைய 5 மீட்டர் ஆழத்தில் நீருக்கும் சகதிக்கும் அடியில்.

"வண்டியைத் தூக்க ஆறு நாளா? இதான் வல்லரசா?" என்று இன்னொருவர். ஊரில் பொக்லைன் ஓட்டுகிற யாரையாவது கேளுங்கள், அவர் சிரிக்க மாட்டார். அந்த நிலம் பார்வைக்குத் தரை மாதிரிதான் இருக்கும். மேலே பாசியும் புல்லும் பின்னிய ஒரு தோல், கீழே மக்கிய தாவரக் கூழ். தோல் கிழிந்துவிட்டால் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. மீட்பு வேலையில் ஒரு கணக்கு உண்டு. சக்கரம் மட்டும் புதைந்தால் வண்டியின் எடை அளவுக்கு இழுவிசை வேண்டும். மட்கார்டு வரை போனால் இரண்டு மடங்கு. டாங்கியின் மேல்கோபுரம் வரை போனால் மூன்று மடங்கு. 63 டன்னுக்கு இதைப் போட்டுப் பாருங்கள், 190 டன்னை நெருங்கும். இந்த ஹெர்குலிஸில் இருக்கும் முதன்மை வின்ச்சின், அதாவது இரும்பு வடத்தைச் சுற்றி இழுக்கும் எந்திரத்தின், நேர் இழுவையே கிட்டத்தட்ட 63 டன்தான். அதனால்தான் கப்பி கட்டி விசையைப் பெருக்குகிறார்கள், ஒன்றுக்கு மேற்பட்ட வண்டிகளைக் கோர்க்கிறார்கள். இங்கேயோ முழு வண்டியும் உள்ளே.

இழுப்பது கடைசி வேலை. அதற்கு முன்னால் கனரக எந்திரம் ஓரத்துக்கு வந்து நிற்க வேண்டும். அதுவும் புதைந்துவிடாமலிருக்கச் சரளையும் மண்ணும் கொட்டித் தரையைக் கெட்டிப்படுத்த வேண்டும். தண்ணீரை இறைக்க வேண்டும். சாதாரண பம்பு உதவாது, சகதியையே உறிஞ்சித் தள்ளும் பம்பு வேண்டும். தோண்டத் தோண்டப் பக்கத்துச் சகதி வந்து குழியை நிரப்பும். இவ்வளவுக்கும் பிறகு முக்குளிப்பவர் இறங்கி, கண்ணுக்கு எதுவும் தெரியாத குழம்புக்குள் கையால் தடவிக் கொக்கி மாட்டும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அமெரிக்கக் கடற்படை முக்குளிப்பவர்கள், போலந்துப் படையின் மீட்பு வண்டிகள், லித்துவேனிய ராணுவம், உள்ளூர் நிறுவனங்களின் எந்திரங்கள் என்று எல்லாரும் அங்கே நின்றார்கள். கடைசிக் கட்டத்தில் இழுக்கும் வண்டிகளே பிடிமானம் இல்லாமல் சறுக்கின, கூடுதலாக புல்டோசர்களைக் கோர்த்தார்கள். மார்ச் 31 விடிவதற்குள் வண்டி வெளியே வந்தது. உள்ளே மூன்று பேர். நான்காமவர் ஏப்ரல் 1 அன்று கிடைத்தார்.

ஏப்ரல் 3 அன்று உடல்கள் விமான நிலையத்துக்குப் போன வழியில் ஆயிரக்கணக்கானவர்கள் நின்றார்கள். கதீட்ரல் சதுக்கத்துக்கு ஜனாதிபதி நௌசேதாவே வந்தார். நான் பகிர்ந்தது அதைத்தான். உங்களுக்குச் சிரிப்பு வந்ததும் அதற்குத்தான்.

இதில் அடிமைத்தனம் எங்கே இருக்கிறது? அந்த நாட்டின் மக்கள்தொகை 30 லட்சத்தைத் தொடாது. தலைநகரிலிருந்து பெலாரஸ் எல்லை 30 கிலோமீட்டர் சொச்சம். மேற்கே ரஷ்யாவின் கலினின்கிராட். போலந்தோடு சேர்க்கும் தரைவழி சுவால்கி இடைவெளி ஒன்றுதான், அது நேர்க்கோட்டில் 65 கிலோமீட்டர். ரயில் பாதையைக்கூட வரலாறு விட்டுவைக்கவில்லை. போலந்தில் தண்டவாள அகலம் 1435 மில்லிமீட்டர், லித்துவேனியாவின் பழைய பாதையில் 1520. கௌனஸ் நகரம் வரைக்கும்தான் ஐரோப்பிய அகலப் பாதை வந்திருக்கிறது. அதைத் தாண்டி டாங்கியைக் கொண்டுபோக, ஒரு ரயிலிலிருந்து இறக்கி இன்னொன்றில் ஏற்ற வேண்டும். 'ஆபத்து வந்தால் அப்போது வந்து காப்பாற்றுவோம்' என்பது அங்கே வெறும் பேச்சு. ஆள் முன்கூட்டியே அங்கே இருந்தால்தான் உண்டு. 2025 ஜூலையில் பெலாரஸ் பக்கமிருந்து நுழைந்து ராணுவப் பயிற்சிக் களத்தில் விழுந்த ட்ரோனில் 2 கிலோ வெடிபொருள் இருந்தது. இதையும் 'மேற்கத்திய ஊடகப் பீதி' என்பீர்களா? என்பீர்கள், தெரியும்.

"தன் காலில் நிற்க வேண்டியதுதானே" என்றார் ஒரு பேராசிரியர். நிற்கிறார்கள் ஐயா. 2015லேயே கட்டாய ராணுவச் சேவையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். 2026க்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 சதவீதத்துக்கு மேல் பாதுகாப்புக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். தனியாக நின்றால் என்ன ஆகும் என்பதையும் 1940 ஜூனிலேயே பார்த்துவிட்டார்கள். மாஸ்கோவிலிருந்து இறுதி எச்சரிக்கை வந்தது, மறுநாளே படை வந்தது. 1941 ஜூனில் மக்களைச் சரக்கு ரயில் பெட்டிகளில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். 1991 ஜனவரி 13 இரவு வில்னியஸ் தொலைக்காட்சிக் கோபுரத்தைக் காக்க வெறுங்கையோடு திரண்டவர்கள் மேல் டாங்கியை ஏற்றினார்கள். கடைசி ரஷ்யச் சிப்பாய் வெளியேறியது 1993 ஆகஸ்ட் 31. அந்நியப் படை என்றால் என்ன என்று நம் முகநூலிலிருந்து அவர்கள் பாடம் படிக்கத் தேவையில்லை.

ஜெர்மன் படையை வரவேற்கலாமா என்ற எதிர்க்கேள்வியில் மட்டும் கனம் இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். 45ஆம் கவசப் படையணி, 4,800 வீரர்கள், 2027க்குள் முழு பலத்தோடு நிரந்தரமாக லித்துவேனியாவில். அன்றைய நாஜி ஜெர்மனியின் ஆக்கிரமிப்பில்தான் அந்நாட்டு யூதர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் கொல்லப்பட்டார்கள். உள்ளூர்க்காரர்களின் கையும் அதில் உண்டு. 2025 மே மாதம் வில்னியஸில் அந்தப் படையணியை வரவேற்றுக் கூட்டம் நின்றதைப் பார்க்க எனக்கும் என்னமோ போலத்தான் இருந்தது. ஆனாலும் அந்தப் படையணிக்கான ருட்னின்கை முகாமைக் கட்டுவது யார்? லித்துவேனிய அரசு, தன் நிலத்தில், தன் பணத்தில். அவர்களுடைய 1992 அரசியல் சட்டத்தின் 137ஆவது பிரிவு தங்கள் மண்ணில் வெளிநாட்டு ராணுவத் தளம் கூடாது என்கிறது. அதை வைத்துக்கொண்டேதான் சட்டத்துக்குள் நின்று விருந்தாளிப் படையை அழைத்திருக்கிறார்கள். அழைத்தவர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இதைத்தான் நேற்றிலிருந்து கத்திக்கொண்டிருக்கிறேன். அழைத்து வந்த படை வேறு, ஏறி வந்த படை வேறு.

உடனே வந்துவிட்டார்கள், "அமைதிப்படை மறந்துபோச்சா?" என்று. என்னிடமா கேட்கிறீர்கள்? இந்தியப் படையை இலங்கைக்குக் கொண்டுவந்த 1987 ஜூலை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும். படை இறங்கிய மண்ணின் மக்கள் கையெழுத்து அதில் எங்கே இருந்தது? முதலில் மாலை போட்டுத்தான் வரவேற்றார்கள். அக்டோபரில் சண்டை, அக்டோபர் 21 அன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் சுடப்பட்டார்கள். 1990 மார்ச்சில் அந்தப் படை போனது. அந்த மண்ணின் மக்களைக் கேட்காமல் வந்த படைக்கும், கேட்டு வந்த படைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு இதைவிடச் சாட்சி எது? என் வாதத்துக்கு எதிராக நீங்கள் தூக்கி எறிந்த கல் என் பக்கச் சுவருக்குத்தான் உதவுகிறது. அந்த ஆஸ்பத்திரிச் சாவுகளை ஒரு முகநூல் சண்டையில் மதிப்பெண் வாங்க எடுத்து வீசினீர்களே, நேற்று எனக்கு அதுதான் தாங்கவில்லை. 'அடிமை' என்றது வலிக்கவில்லை.

டிரம்ப் பற்றிய நக்கலுக்குப் பதில் வேண்டுமாம். வீரர்கள் காணாமல் போன மறுநாள் நிருபர்கள் கேட்டபோது தனக்குச் சொல்லப்படவில்லை என்றார். அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் உடல்கள் இறங்கிய அன்று அவர் ஃபுளோரிடாவில் இருந்தார். சரிதான், கேவலம்தான். வில்னியஸ் தெருவில் நின்றவர்கள் அவருக்காகவா நின்றார்கள்? தங்கள் மண்ணின் சகதியில் செத்த நான்கு பேருக்காக நின்றார்கள். வாஷிங்டனை நம்பி மட்டும் உட்கார்ந்திருந்தால் பெர்லினிலிருந்து ஏன் படையணி வரவழைக்கிறார்கள்?

அந்தத் திரியில் இனி பதில் போடப்போவதில்லை. சகதி பம்பு பற்றியும் கப்பிக் கணக்கு பற்றியும் கேட்ட இரண்டு பேருக்கு மட்டும் இன்று இரவு தனியாக எழுதுகிறேன்.