பிடிஎஃப் இருக்கா சார்?

புதுப் புத்தகத்தின் அட்டையை எழுத்தாளர் முகநூலில் போட்டு அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. வாழ்த்துகளுக்கு நடுவில் ஒருவர் வந்து, "பிடிஎஃப் இருக்கா சார்?" என்பார். அதுவும் எழுதியவரிடமே!

உடனே நாம், "தமிழன் புத்தகத்துக்குக் காசு கொடுக்க மாட்டான்" என்று ஆரம்பித்துவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்கி மறைந்தது 1954-ல். அவர் எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டன. ஐந்து பாகங்களும், தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தில் சட்டப்படியே இலவசம். ஆனாலும் சென்னைப் புத்தகக் காட்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அதுதான் அடுக்கியிருக்கிறது. ஐந்தையும் பை கிழியக் கிழியத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். வீட்டில் இருக்க வேண்டும், கிரகப்பிரவேசத்துக்குக் கொடுக்க வேண்டும், பெண் வளர்ந்ததும் படிக்க வேண்டும். வாங்கியவர் படிக்கிறாரா என்பது வேறு கதை.

அப்படியானால் இலவசத்தால் விற்பனை கெடாதா? கெடும், பெயர் தெரியாத எழுத்தாளருக்கு. கல்கியை வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுத்தான் கடைக்கு வருகிறோம். புது ஆளின் நாவல் மேல் இருப்பது லேசான ஆர்வம் மட்டும்தான். பிடிஎஃப் கைக்கு வந்ததும் அந்த ஆர்வம் அடங்கிவிடும். அப்புறம் அது டவுன்லோட் ஃபோல்டரில் கரண்ட் பில்லோடு கிடக்கும். 250 ரூபாய் புத்தகத்துக்குப் பத்து சதவீதம் ராயல்டி என்றால் 25 ரூபாய். அச்சடித்த முந்நூறு பிரதியும் விற்றால் 7,500. அதிலும் கை வைக்கிறோம்.

பதிப்பில் இல்லாத புத்தகம் என்றால் என் மனசு மாறிவிடும். ஓரத்தில் யாரோ ஒருவரின் கட்டைவிரலும் நடுவில் நூலக முத்திரையுமாக ஸ்கேன் செய்த பிரதி வந்தால், சத்தியமாகக் கும்பிட்டு வாங்கிக்கொள்வேன். ஈழத்து நூல்களில் பலவற்றை, அவற்றை ஸ்கேன் செய்து இணையத்தில் வைக்கும் 'நூலகம்' என்ற தளம் இல்லாவிட்டால் கண்ணாலேயே பார்த்திருக்க மாட்டேன்.

கையில் காசில்லை என்பவர்கள் கிளை நூலகத்துக்குப் போகலாமே? சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரியாக ஏற்கெனவே போய்க்கொண்டுதான் இருக்கிறது.

பதிப்பாளர்களிடமும் ஒரு கேள்வி. வாங்குமுன் புரட்டிப் பார்க்க ஆசைப்படுவது நியாயம்தானே, முதல் அத்தியாயத்தை நீங்களே போட்டால் என்ன? சிலர் போடுகிறார்கள், சரி. ஆனால் பதிப்புரை, அணிந்துரை, வாழ்த்துரை, என்னுரை எல்லாம் முடிந்து கதை ஆரம்பிக்கிற பக்கத்தில் கச்சிதமாக நிறுத்திவிடுகிறார்கள்!