ஏ.ஏ. கூட்டத்தில் மதம் மாற்றுகிறார்களா?

குடியை விட ஒருவருக்கொருவர் உதவிக்கொள்பவர்களின் அமைப்பு ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. "அதன் கூட்டத்துக்குப் போனால் பணம் பிடுங்குவார்கள், ஆதார் கேட்பார்கள், மதம் மாற்றுவார்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. மூன்றுமே தவறு.

1935-இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் தொடங்கிய இந்த அமைப்பில் சேர ஒரே தகுதி, குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது, உறுப்பினர்கள் இஷ்டப்பட்டுப் போடும் காசில் நடக்கிறது. முழுப்பெயர்கூடச் சொல்ல வேண்டாம்.

சரி, மதம்? பல கூட்டங்கள் சர்ச் வளாக அறைகளில் நடப்பதால் இந்தச் சந்தேகம் வந்திருக்கலாம். அது வெறும் இடம்தான். குடியிலிருந்து மீள ஏ.ஏ. சொல்லும் வழிமுறையான பன்னிரண்டு படிகளில் கடவுள் வருகிறார், உண்மை. ஆனால் 'நாம் புரிந்துகொண்டபடியான கடவுள்' என்றுதான் இருக்கிறது. அது முருகனாகவும் இருக்கலாம்.

முதல்முறை போகிறவர் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். அப்புறம் ஒன்று: தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.