எலியாவின் தலைமாட்டில் இருந்த அடை

போன வருஷம் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வாட்ஸ்அப்புக்கு வந்த வசனங்களில் பாதிக்கு மேல் பைபிளின் பிலிப்பியர் 4:6. "நீங்கள் ஒன்றுக்குங் கவலைப்படாமல்..." எல்லாரும் அன்பில்தான் அனுப்பினார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு வராண்டா நாற்காலியில் உட்கார்ந்து அதை வாசித்தபோது நெஞ்சில் குத்தியது. இவ்வளவு கவலைப்படுகிறேனே, அப்படியானால் எனக்கு விசுவாசமே இல்லையா? அப்பாவை நினைத்து வந்த பயத்தோடு இந்தப் பயமும் சேர்ந்துகொண்டது.

மூன்றாம் நாள் எங்கள் சபை ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, வந்தார்கள். கையில் தூக்குச்சட்டி. கஞ்சியும் பருப்புத் துவையலும். நான் ஜெபத்துக்குக் கண்ணை மூடப் போனேன். "முதல்ல சாப்பிடும்மா, ஜெபம் எங்கேயும் ஓடிப்போகாது" என்று மூடியைத் திறந்து அதிலேயே ஊற்றிக் கொடுத்தார்கள். சாப்பிட்டு முடிக்கும்வரை ஒரு வசனமும் சொல்லவில்லை. கிளம்பும்போது மட்டும், "1 இராஜாக்கள் 19 வாசி, எலியாவுக்கு ஆண்டவர் முதல்ல என்ன செஞ்சார்னு பாரு" என்றார்கள்.

கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய ஜெயம் கண்ட தீர்க்கதரிசி. யேசபேல் ராணியின் மிரட்டலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்கிறார். ஆண்டவர் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிடுகிறார். தூதன் தட்டி எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும். சாப்பிட்டுவிட்டு எலியா திரும்பவும் படுத்துக்கொள்கிறார். மறுபடியும் எழுப்பி மறுபடியும் சாப்பாடுதான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்று சொல்லி. சண்டே ஸ்கூல் நாளிலிருந்து தெரிந்த கதை. அந்த அடை மட்டும் அதுவரை என் கண்ணில் படவில்லை.

பிறகுதான் பிலிப்பி பட்டணத்துச் சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய பிலிப்பியர் நிருபத்தை ஒரே மூச்சில் முழுதாக வாசித்தேன். நாலே அதிகாரம். பவுல் அதைக் கட்டுகளில், கைதியாக இருந்துகொண்டு எழுதுகிறார். இரண்டாம் அதிகாரத்தில், தன் உடன் ஊழியன் எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டு மரணத்துக்குச் சமீபமாயிருந்ததைச் சொல்லும்போது, தனக்கு "துக்கத்தின்மேல் துக்கம்" உண்டாகாதபடி தேவன் இரங்கினார் என்கிறார். கவலைப்படாதே என்று எழுதிய அதே கை எழுதியது. நமக்கு வருகிற வசன அட்டைகளில் விட்டுப்போகிற இன்னொன்றும் உண்டு. ஆறாம் வசனத்துக்குச் சற்று முன்னால், ஐந்தாம் வசனத்தின் முடிவில், "கர்த்தர் சமீபமாயிருக்கிறார்" என்று இருக்கிறது. அதைச் சொன்ன பிறகுதான் கவலைப்படாதிருங்கள் என்கிறார். அடுத்த வசனத்தில் தேவசமாதானம் நம் இருதயங்களைக் "காத்துக்கொள்ளும்" என்கிறாரே, மூலமொழியில் அது போர்ச்சேவகர் காவல் நிற்பதற்குரிய சொல். ரோமப் போர்வீரர்கள் குடியேறிய பட்டணம் பிலிப்பி. அவர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். காவலுக்கு ஆள் நிற்கிறார் என்றால் ஊர் தூங்கலாம்.

சபை மக்களிடம் எனக்கு ஒரு வேண்டுதல் உண்டு. கலங்கி நிற்பவர்களிடம் விசுவாசத்தை அளந்து பார்க்காதீர்கள். சங்கீதம் 88-ஐ வாசித்துப் பாருங்கள். ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமலே முடிகிறது, அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது. தூக்கம் வராமல் டாக்டரிடம் போகிறவரை அவிசுவாசி என்று சொல்லாதீர்கள். பவுலே லூக்காவைப் "பிரியமான வைத்தியன்" என்றுதான் அழைத்தார். வசனம் அனுப்புங்கள், கட்டாயம் அனுப்புங்கள். முடிந்தால் கஞ்சியும் கொண்டுபோங்கள்.

அப்பாவுக்கு வலது கை இன்னும் சரியாக வரவில்லை. பிசியோதெரபி நடக்கிறது. குடும்ப ஜெபத்தில் வேதத்தை நான் பிடித்துக்கொள்கிறேன், அவர் இடது கையால் பக்கம் திருப்புகிறார். நேற்று ராத்திரி மூன்று மணிக்குத் தண்ணீர் கேட்டார். கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவர் மூச்சைக் கவனித்தேன். பிறகு வந்து படுத்தேன். தூக்கம் வந்தது.