ஒரு வாத்துக்கு ஒரு வழக்கு

ஒரே ஒரு வாத்துக்காக உச்ச நீதிமன்றம் வரை போன வழக்கு ஒன்று கனடாவில் உண்டு. 1962 மே 7 அன்று, அந்நாட்டின் வடக்கே இருக்கும் யெல்லோநைஃப் பக்கம் மைக்கேல் சிக்கியா என்ற டெனே பழங்குடிக்காரர் சாப்பாட்டுக்காக ஒரு காட்டு வாத்தைச் சுட்டார். மே மாதத்தில் வேட்டைக்குத் தடை. 1964-இல் உச்ச நீதிமன்றமும் அவர் செய்தது குற்றம்தான் என்று சொல்லிவிட்டது.

இதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. அந்தத் தடை, வலசைப் பறவைகளைக் காக்க 1916-இல் அமெரிக்காவும், கனடாவுக்காக பிரிட்டனும் போட்ட ஒப்பந்தத்தால் வந்தது. தேவையான ஒப்பந்தம்தான், மறுக்கவில்லை. ஆனால் தடைக்காலம் மார்ச் 10 முதல் செப்டம்பர் 1 வரை! வடக்கே பறவைகள் வந்து சேர்வதே ஏப்ரல், மே மாதங்களில். செப்டம்பர் பிறந்தால் கொஞ்ச நாளில் கிளம்பிவிடும். குளிர்காலம் முழுக்கக் கையிருப்பைச் சாப்பிட்டுத் தீர்த்த வீட்டுக்கு வசந்தத்தில் கிடைக்கும் புதுக்கறி அது. தெற்கே பொழுதுபோக்குக்கு வேட்டையாடுகிறவனின் காலண்டரை வைத்து அதைத் தடுத்திருக்கிறார்கள்.

கனடாவின் ஜேம்ஸ் விரிகுடாக் கரையில் வாழும் கிரீ பழங்குடி மக்கள் கனடா வாத்தை 'நிஸ்கா' என்பார்கள். வசந்த வேட்டைக்கென்றே பல ஊர்களில் பள்ளிக்கூடம் லீவு. வாத்தைக் கயிற்றில் கட்டி நெருப்பருகே தொங்கவிட்டு, சுழலச் சுழல வாட்டுவார்கள். சொட்டும் கொழுப்பையும் வீணாக்காமல் ஏந்திக்கொள்வார்கள்.

சத்துக் கணக்கைப் பாருங்கள். கனடா வாத்தின் தோல் நீக்கிய 100 கிராம் பச்சை நெஞ்சுக்கறியில் சுமார் 24 கிராம் புரதம், ஏறக்குறைய 6 மில்லிகிராம் இரும்பு. நம் பிராய்லர் நெஞ்சுக்கறியில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. பறக்கவே பறக்காத கோழிக்கு நெஞ்சு வெளுத்துத்தான் கிடக்கும். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் சிறகடிக்கிற பறவையின் தசைக்கு ஆக்சிஜனைப் பிடித்துவைக்க மயோகுளோபின் என்ற புரதம் நிறைய வேண்டும். அந்த மயோகுளோபினில் இருப்பது இரும்பு. அதனால்தான் வாத்துக்கறி மாட்டுக்கறி மாதிரி சிவந்திருக்கிறது. இவ்வளவு இரும்புள்ள உணவைத்தான் சட்டம் திருட்டுச் சாப்பாடாக்கி வைத்திருந்தது.

அப்புறம் 1995-இல் திருத்தம் கையெழுத்தாகி, 1999-இல் அமலுக்கு வந்து, பழங்குடிகளின் வசந்த வேட்டையை ஒப்பந்தம் ஏற்றுக்கொண்டது. 83 வருஷம் ஆகியிருக்கிறது.

பெரும்பாலான வலசைப் பறவைகளின் வேட்டையில் ஈயக் குண்டுக்கு நாடு முழுக்கத் தடை வந்ததும் அதே 1999-இல்தான். அந்தக் கட்டுப்பாட்டில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. ஈயச் சில்லு கண்ணுக்குத் தெரியாமல் கறியில் தங்கிவிடும். சாப்பிடுகிற குழந்தையின் மூளையைத்தான் அது கெடுக்கும்.