அது அலங்காரம் அல்ல, உரிமை கோரல்

ஞாயிற்றுக்கிழமை நடந்த கலை உரையைக் கேட்டவர்களுக்கு நடந்தது தெரியும். 16ஆம் நூற்றாண்டின் புனித ரோமானியப் பேரரசர் ஐந்தாம் சார்லஸுக்கு இத்தாலியச் சிற்பி லியோனே லியோனி செய்த வெண்கலச் சிலையைத் திரையில் காட்டி, அதிலுள்ள ரோமானிய உடை அந்தக் காலத்து அலங்காரம் என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். அந்த உடைக்கு அரசியல் நோக்கம் இல்லையா என்று நான் கேட்டதற்கு, "அளவுக்கு மீறி யோசிக்கிறீர்கள்" என்பதுதான் பதில். அது இன்னும் மனதை உறுத்துகிறது.

அது அலங்காரம் அல்ல, பழைய ரோமானியப் பேரரசர்களின் வாரிசு நான் என்னும் உரிமை கோரல். சிலையில் சார்லஸின் காலடியில் சங்கிலியால் கட்டுண்டு கிடப்பவன் வெறியின் உருவம். ரோமின் முதல் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில் கவிஞர் வெர்ஜில் பாடிய, போர் ஓய்ந்தபின் விலங்கிடப்படும் அதே வெறி. சிலை செய்யப்பட்டது 1550களில். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1547இல், ஜெர்மனியின் மியூல்பர்க்கில் நடந்த போரில் சார்லஸ் வென்றது அந்நியரை அல்ல, தம் பேரரசுக்குள்ளேயே இருந்த புராட்டஸ்டண்டு இளவரசர்களை. எதிர்த்தவனுக்கு வெறி என்று பெயர் வைத்துவிட்டால், அவன் எதற்காக எதிர்த்தான் என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

அந்த வெற்றிக்காக வெனிஸ் ஓவியர் டிஷியன் 1548இல் தீட்டிய ஓவியத்தின் முன் மாட்ரிட் பிராடோ அருங்காட்சியகத்தில் வெகுநேரம் நின்றிருக்கிறேன். சிவப்புப் பட்டை, கையில் ஈட்டி, ரோமானியப் பேரரசர் மார்க்கஸ் அரேலியஸின் குதிரைச் சிலையை நினைவூட்டும் குதிரை. எதிரி ஒருவன்கூட இல்லை, பிணம் இல்லை. சார்லஸுக்கு அப்போது கவுட் என்னும் மூட்டு நோய். என் தந்தைக்கும் அது இருந்தது. போர்வை நுனி கால் கட்டைவிரலில் பட்டாலே துடித்துவிடுவார். அதனால்தான் சேணத்தில் நிமிர்ந்திருந்த அந்த உடலை என்னால் வெறும் அழகாகப் பார்க்க முடியவில்லை.

எல்லா அரசர்களும் தங்களை அப்படித்தான் காட்டிக்கொண்டார்கள் என்பார்கள். அது பதிலே அல்ல. இந்த ரோமானியக் குறிப்புகள் பாமரருக்குப் புரிந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. பெரும்பாலும் புரிந்திருக்காது. ஆனால் பேச்சு அவர்களோடு அல்ல, இளவரசர்களோடும் நகரத் தலைவர்களோடும். சார்லஸின் பாட்டனாரும் அவருக்கு முந்தைய பேரரசருமான மாக்சிமிலியன், ஜெர்மன் ஓவியர் டியூரர் முதலானோரைக் கொண்டு 190க்கும் மேற்பட்ட செதுக்கிய மரக்கட்டைகளால், ரோமானியர் வெற்றிக்கு நினைவாகக் கட்டியது போன்ற வெற்றி வளைவொன்றைக் காகிதத்தில் அச்சிட்டு அத்தகையோருக்குத்தான் வழங்கினார். ஆள் உயரத்தைத் தாண்டிய அந்தக் காகித வளைவை அலங்காரம் என்று எப்படிச் சொல்வது?

1527இல் சார்லஸின் படைகள், சம்பளம் கிடைக்காத ஆத்திரத்தில், ரோம் நகரைச் சூறையாடின. 1536இல் அதே நகருக்குள் அவர் பழைய பேரரசர்களைப் போல் பண்டைய வெற்றி வளைவான கான்ஸ்டன்டைன் வளைவின் வழியே ஊர்வலமாக வந்தார். அந்தப் பாதைக்காக வீடுகளும் சில தேவாலயங்களும் இடிக்கப்பட்டன. சூறையாடலில் பிழைத்து, பின்னர் ஊர்வலத்துக்காக வீட்டை இழந்தவர்களிடம் போய், இது வெறும் அலங்காரம் என்று சொல்லியிருக்க முடியுமா?