சிஸ்டமேட்டிக் கணினியோடு வந்த சொல் அல்ல

அண்ணே, 'சிஸ்டமேட்டிக் என்றால் சிஸ்டத்தில், அதாவது கணினியில் செய்வது. கணினி வந்த பிறகு பிறந்த சொல். சிஸ்டமிக் என்பதும் அதேதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டுமே சரியில்லை.

ஆங்கிலத்தில் சிஸ்டமேட்டிக் என்ற சொல் 17-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. வேர் கிரேக்கம்: 'சின்' என்றால் ஒன்றாக, 'ஹிஸ்தானை' என்றால் நிற்க வைத்தல். பலவற்றைச் சேர்த்து ஓர் ஒழுங்கில் நிறுத்தியதுதான் சிஸ்டம். செடிகொடி, விலங்குகளை வகைபிரித்து ஸ்வீடன் நாட்டு இயற்கை அறிஞர் லின்னேயஸ் 1735-இல் வெளியிட்ட லத்தீன் நூலின் தலைப்பே 'சிஸ்டமா நேச்சுரே'. அப்போது ஏது கணினி?

சிஸ்டமிக் வேறு. ஒரு முழு அமைப்பிலும் பரவியிருப்பதை அது குறிக்கும். நம் பினாங்குப் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். கிளைஃபோசேட் சிஸ்டமிக் களைக்கொல்லி. இலையில் அடித்தால் உள்ளே இறங்கி வேர்வரை போகும். பட்ட இடத்தை மட்டும் கருக்கும் மருந்தும் உண்டு. இந்த இரண்டாவது வகை மருந்தை ஒருவர் நிரை தவறாமல், விடுபடாமல் அடித்துக்கொண்டு போனால் அவர் வேலை சிஸ்டமேட்டிக். ஆனால் அந்த மருந்து சிஸ்டமிக் அல்ல.

தமிழில் 'முறையாக, ஒழுங்குபட' என்றாலே போதும். 'முறைப்படி' என்று போடும்போது மட்டும் கொஞ்சம் கவனம். அது விதிப்படி, சடங்குப்படி என்ற பக்கமும் சாயும்.

எஸ்.பி.எம். என்ற மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை எழுதப்போகும் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். தயவுசெய்து அந்த வரிகளைத் திருத்திவிடுங்கள், அண்ணே.